வலைப்பூக்களுக்குப் போகும் வழி

தமிழில் வலைப்பூக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லாதவர் இல்லை. 2003-ல் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் உச்சம் தொட்டு, ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வந்ததும் படுத்துவிட்டது என்பதே எல்லோரும் ஒப்புக்கொண்ட வரலாறு. எழுதியவர்கள் களைத்துப் போனார்கள், வாசகர்கள் வேறு பக்கம் நகர்ந்தார்கள், கதை முடிந்தது. இந்த வரலாற்றில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைத்தான் இந்தக் கட்டுரை மறுக்கிறது. தனி மனிதர்கள் தமிழில் சொந்தமாக நடத்தும் வலைப்பூக்கள் இன்றும் இருக்கின்றன. பழையவற்றில் நிறையவே இப்போதும் திறக்கின்றன. முகவரி தெரிந்தால் 2006-ல் எழுதியதை இன்று காலையிலும் படிக்கலாம். இல்லாமல் போனது அவற்றுக்குப் போய்ச் சேரும் வழி. அந்த வழியைச் சிலர் தம் கைப்பாடுபட்டுப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பராமரிக்க ஆளில்லாமல் அது தூர்ந்ததும், அந்தப் பக்கம் ஊரே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம்.

வழி எப்படிப் போடப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வலைப்பூ எழுதுவதற்கான எளிய கருவி 1999-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் அந்த ஆண்டு ஆகஸ்டில் பிளாகரை வெளியிட்டது; 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. தமிழுக்கு அது மட்டும் போதவில்லை. அன்று இணையத்தில் தமிழ் ஆளுக்கொரு எழுத்துருவில் கிடந்தது. திஸ்கி, டாப், டாம் என்று தனித்தனிக் குறியேற்றங்கள். ஒருவர் தட்டியது இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ தெரியும். யுனிகோடு தமிழை விண்டோஸ் காட்டத் தொடங்கியது. முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற தட்டச்சுச் செயலிகள் கைக்கு வந்தன. சுரதா என்பவர் உருவாக்கிய எழுத்துரு மாற்றி பழைய குறியேற்றத்தில் இருந்ததை யுனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகே சாதாரண ஒருவர் எழுதியதை உலகின் எந்த மூலையிலும் தமிழாகவே படிக்க முடிந்தது. அடுத்த சிக்கல், யார் எங்கே எழுதுகிறார் என்று தெரியாதது. தொடக்கத்தில் பதிவர்களே முகவரிகளைச் சேகரித்துப் பட்டியலாக வைத்திருந்தார்கள். 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' திரட்டியைத் தொடங்கினார். பின்னால் தேன்கூடு, தமிழ்வெளி, இன்ட்லி என்று வேறு திரட்டிகளும் வந்தன.

திரட்டி செய்த வேலை மிக எளிமையானது. ஒவ்வொரு வலைப்பூவுக்கும் ஓர் ஓடை உண்டு. புதிதாக என்ன வந்திருக்கிறது என்று இயந்திரம் படித்துக்கொள்ளும் வடிவம் அது. திரட்டி அந்த ஓடைகளை வாசித்து, இடுகையின் தலைப்பு, முதல் சில வரிகள், எழுதியவர் பெயர் ஆகியவற்றைத் தன் முகப்பில் இடும். புதியது மேலே, பழையது கீழே. முகப்பின் ஒழுங்கு பெரும்பாலும் அவ்வளவுதான். இந்த எளிமையின் விளைவு பெரியது. கத்தரிக்காய் ரசவாங்கி செய்முறைக்குக் கீழே பாரிஸில் குடியேறிய ஈழத்தவர் ஒருவரின் நினைவுக் குறிப்பு நிற்கும். அதற்குக் கீழே பங்குச் சந்தை. அதற்கும் கீழே திருப்புகழுக்குப் பொருள். பிறகு பெரியாரைப் பற்றிய காரசாரமான சண்டை. ரசவாங்கியைத் தேடி யாரும் அங்கே வரவில்லை. சண்டையை வேடிக்கை பார்க்க வந்தவர் கண்ணில் அதுவும் பட்டது, திருப்புகழும் பட்டது. உங்களுக்கு எது பிடிக்கும் என்று அந்தப் பக்கம் வாசகரைக் கேட்கவே இல்லை. அதனால்தான் தனக்குப் பிடிக்கும் என்று அதுவரை தெரியாத ஒன்றை அவர் அங்கே கண்டார்.

வழி போட்டவர்கள் இயந்திரத்தோடு நிற்கவில்லை. தமிழ்மணம் வாரம் ஒரு பதிவரை 'நட்சத்திரமாக' முன்னிறுத்தியது. 'வலைச்சரம்' என்ற கூட்டு வலைப்பூ இன்னும் ஒரு படி மேலே போனது. வாரம் ஒருவர் அங்கே ஆசிரியப் பொறுப்பு ஏற்பார். தம்முடையதைப் பற்றி ஓர் இடுகை எழுதிக்கொள்ளலாம். மற்ற நாட்களில் தாம் படித்துப் பிடித்த பிற பதிவர்களை அறிமுகம் செய்ய வேண்டும். இப்படி வாரா வாரம், ஆண்டுக் கணக்கில் நடந்தது. சிறுகதை எழுதுபவர் ஆசிரியரானால் கதைக்காரர்கள் வெளிச்சத்துக்கு வருவார்கள். பள்ளி ஆசிரியர் பொறுப்பேற்றால் வகுப்பறைக் குறிப்பு எழுதும் சக ஆசிரியர்கள் வருவார்கள். பொறுப்பாளர் மாறிக்கொண்டே இருந்ததால் ரசனையும் மாறிக்கொண்டே இருந்தது. தமிழ் இணையத்தில் இதைவிட எளிய, இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு இன்றுவரை வரவில்லை என்பது என் கணிப்பு. வலைப்பூக்களின் வகைமை என்று நாம் நினைவுகூர்வது எழுதியவர்களால் மட்டும் வந்ததில்லை. இப்படி எடுத்துக்காட்டியவர்களாலும் வந்தது.

அந்த வகைமை என்னவாக இருந்தது? பத்திரிகைகளும் பதிப்பகங்களும் இடம் கொடுக்காத, கொடுக்க முடியாத எழுத்து என்று சுருக்கிச் சொல்லலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முனைவர் பா. ஜம்புலிங்கம், 'சோழ நாட்டில் பௌத்தம்' என்ற தலைப்பிலேயே ஒரு வலைப்பூ வைத்து, காவிரிப் படுகையில் வயலோரத்திலும் குளக்கரையிலும் இருக்கும் புத்தர் சிலைகளைத் தேடிச் சென்ற களப்பணியைப் பதிவு செய்துவருகிறார். வார இதழ் ஒன்று இதில் ஒரு சிலையைப் பற்றி ஒரு பக்கம் போடும். சிலை சிலையாக, ஊர் ஊராக, பல ஆண்டுகள் தொடர்ந்து போடாது. ஆய்விதழ் போடும், அந்த ஊர்க்காரர் அதைப் படிக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் விழும் எழுத்துக்கு வலைப்பூவே இடம். வா. மணிகண்டனின் 'நிசப்தம்' வேறொரு வகை. அன்றாடம் பார்த்ததையும் கேட்டதையும் எழுதிய ஒருவரை நம்பி வாசகர்கள் பணம் அனுப்பத் தொடங்க, மருத்துவத்துக்கும் படிப்புக்கும் உதவும் அறக்கட்டளையாக அது வளர்ந்தது. ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று நாவல் வரிசையாக 2014 முதல் 2020 வரை தம் தளத்தில் நாள்தோறும் எழுதினார், 26 நாவல்கள். அச்சு இதழ் எதுவும் அந்த நீளத்தைத் தாங்கியிருக்காது. பெயர் தெரிந்த இவர்கள் ஒரு நுனி மட்டுமே. வளைகுடாவில் வேலை பார்த்தவர், ஊரைவிட்டு ஓடி வந்தவர், ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர், அதுவரை மாவரைத்ததையும் மாமியார் பேச்சையும் யாரிடமும் எழுத்தில் சொல்லியிராத இல்லத்தரசி எனப் பலரும் ஆசிரியர் குழுவின் அனுமதி கேட்காமல் எழுதினார்கள்.

வழி இருந்தால்தான் வகைமை தெரியும் என்பது தமிழுக்கு மட்டும் பொருந்துவதில்லை. இதற்கு ஈரானைவிட நல்ல சான்று கிடைக்காது. 2001-ல் ஹுசைன் தெரக்ஷான் என்பவர் பாரசீக மொழியில் வலைப்பூ தொடங்குவது எப்படி என்று விளக்கி எழுத, அங்கே எழுத்து வெள்ளமாகப் பெருகியது. வெளியுலகம் அதை ஒரே கண்ணால் பார்த்தது: இளைஞர்கள், சீர்திருத்தவாதிகள், ஆட்சியை எதிர்ப்பவர்கள். 2008-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்தில் ஜான் கெல்லியும் புரூஸ் எட்லிங்கும் வேறு முறையில் தேடினார்கள். எந்த வலைப்பூ எதற்கு இணைப்புக் கொடுக்கிறது என்று வரைபடம் போட்டு, பிறகு பாரசீகம் தெரிந்தவர்களை உட்கார வைத்துப் படிக்கச் செய்தார்கள். தொடர்ந்து எழுதப்படும் வலைப்பூக்கள் சுமார் 60,000 என்று மதிப்பிட்ட அந்த ஆய்வில், எதிர்ப்பாளர்களோடு ஆட்சியை ஆதரிக்கும் சமயப் பற்றாளர்களும் பெருங்கூட்டமாகத் தெரிந்தார்கள். இன்னொரு பெரிய திரள் பெரும்பாலும் கவிதை. அரசியலை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஒரு தேசம் இரவில் உட்கார்ந்து கவிதை எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்தக் கவிதைகள் அதற்கு முன்பும் அங்கேயேதான் இருந்தன. பார்க்கும் முறை மாறியதும் கண்ணில் பட்டன.

சொந்த வலைப்பூ என்ற வடிவம் என்னென்ன வேலைக்கு இடம் தரும் என்பதற்குக் கணிதத்திலிருந்து ஒரு சான்று. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற திமோதி கவர்ஸ் 2009 ஜனவரியில் தம் வலைப்பூவில் ஒரு கேள்வி எழுப்பினார்: நிறைய பேர் கூடிக் கணிதச் சிக்கல் ஒன்றைத் தீர்க்க முடியுமா? ஒரு கடினமான தேற்றத்தையும் முன்வைத்தார். பின்னூட்டப் பெட்டியிலேயே வேலை நடந்தது. டெரன்ஸ் டாவ் போன்ற மேதைகளோடு பள்ளி ஆசிரியர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். ஆறேழு வாரங்களில் புதிய நிரூபணம் கைக்கு வந்துவிட்டது. தவறான முயற்சிகள், பாதி யோசனைகள், திருத்தங்கள் எல்லாம் அப்படியே பொதுவில் கிடக்கின்றன. ஆய்விதழில் இவற்றுக்கு இடமில்லை. மாணவர்களுக்கோ முடிந்த நிரூபணத்தைவிட இவையே பாடம்.

வழி ஏன் தூர்ந்தது? ஒரே காரணம் சொன்னால் அது பொய். ஓடைகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ம் தேதி மூடப்பட்டது; மாற்றுச் செயலிகள் இருந்தும், ஓடை என்ற ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோனது. திரட்டிகளைத் தன்னார்வலர்கள் நடத்தினார்கள். வழங்கிச் செலவு, வழக்கு மிரட்டல், வசை எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தது. பிளாகரின் மேல்பட்டையில் முன்பு 'அடுத்த வலைப்பூ' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். பின்னால், நீங்கள் படித்துக்கொண்டிருப்பதைப் போன்ற வலைப்பூவுக்கே அது அழைத்துப் போகும்படி மாற்றினார்கள்; பிறகு பொத்தானையே எடுத்துவிட்டார்கள். இந்தச் சிறு மாற்றத்துக்குள் இணையம் முழுவதுக்கும் நேர்ந்தது அடங்கியிருக்கிறது. தற்செயலாகக் கிடைத்தது முதலில் ஒத்த ரசனைக்குள் சுருங்கியது. பிறகு கிடைப்பதே நின்றது. வலைப்பூ எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் ஆறாண்டுகள் சிறையில் கழித்து 2014-ல் வெளியே வந்த தெரக்ஷான், அடுத்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். சிறைக்குப் போகும்போது இணையத்தின் உயிர்நாடியாக இருந்த இணைப்பு, திரும்பி வரும்போது மதிப்பிழந்து கிடந்தது என்பதே அவர் வாதம். சமூக ஊடக நிறுவனங்களுக்கு வாசகர் தம் வாசலைத் தாண்டி வெளியே போவது நஷ்டம். வெளியே கொண்டு செல்லும் இணைப்பை அவை ஏன் ஊக்குவிக்கப் போகின்றன?

தேடுபொறி இருக்கிறதே என்று கேட்கலாம். தேடுபொறி கேள்விக்கு விடை சொல்லும் கருவி. சோழநாட்டு புத்தர் சிலைகள் என்று தட்டத் தெரிந்தவருக்கு அது ஜம்புலிங்கத்தைக் காட்டிவிடும். அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாதவருக்கு என்ன காட்டும்? வகைமையைக் கண்டடைவது என்றாலே கேட்கத் தெரியாததைக் காண்பதுதான். அதற்குத் தேடல் பெட்டி போதாது. மேய்ந்து பார்க்க ஒரு பக்கம் வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு பழைய பதிவர்களிடமிருந்தே வரும். திரட்டிக் காலத்தைப் பொற்காலமாக்காதீர்கள், அங்கே நடந்த கூத்து எங்களுக்குத்தான் தெரியும் என்பார்கள். உண்மை. புதுப் பின்னூட்டம் வந்தால் இடுகை மறுபடி முகப்பில் தலைகாட்டும் என்று தெரிந்ததும், தாமே தமக்குப் பின்னூட்டம் இட்டு மேலே ஏற்றிக்கொண்டார்கள். அதற்குப் 'பின்னூட்டக் கயமை' என்று பெயரே வைத்தார்கள். தலைப்பில் கவர்ச்சி காட்டி 'சூடான இடுகை'ப் பட்டியலில் ஏறினார்கள். குழு சேர்ந்து வாக்குக் குத்தினார்கள். அனானி முகமூடியில் சாதி வசை பாடினார்கள்; பெண் பதிவர்கள் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. வகைமை சமத்துவம் தரவில்லை என்பதும் அன்றே தெரிந்த உண்மைதான். 2003-லேயே அமெரிக்க எழுத்தாளர் கிளே ஷர்கி 433 வலைப்பூக்களுக்கு வந்த இணைப்புகளை எண்ணிப் பார்த்து, முதல் ஐம்பது வலைப்பூக்களுக்கே பாதி இணைப்புகள் போவதைக் காட்டினார். யாரும் சதி செய்யாமலே, தெரிவு செய்யும் சுதந்திரம் இருந்தாலே அப்படித்தான் குவியும் என்றார். இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சான்றுகள் எதைக் காட்டுகின்றன என்று பாருங்கள். கயமை நடந்ததெல்லாம் வாக்கு, சூடு, பின்னூட்ட எண்ணிக்கை போன்ற தரவரிசைகளைச் சுற்றியே. நேர வரிசையில் வந்த முகப்பையும், வாரம் ஒருவர் கையொப்பத்தோடு செய்த வலைச்சர அறிமுகத்தையும் அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. குவிவதைத் தடுக்க முடியாது என்ற ஷர்கியின் கணக்கும், குவியாத மூலைகளை எடுத்துக்காட்ட ஆள் வேண்டும் என்பதற்கே வலு சேர்க்கிறது.

இன்னொரு மறுப்பு: பெரும்பாலானவை குப்பை, மொக்கை என்று பதிவர்களே பெருமையாக முத்திரை குத்திக்கொண்டவை, அவற்றைத் தேடி என்ன ஆகப்போகிறது? இதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா பதில் சொல்லிவிட்டார். விளம்பரப் பலகை எழுதிய அந்தக் கலைஞர் அரிய நூல்களோடு சினிமா பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், துண்டறிக்கை, அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையும் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. நவீனத் தமிழ் வாழ்க்கையை ஆராய விரும்புவோர் அங்கே போகாமல் முடியாது. அவர்கள் தேடிப் போவதில் அந்த நோட்டீசுகளும் உண்டு. 2007-ல் ஒருவர் மின்வெட்டைப் பற்றியும், மகனுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்ததைப் பற்றியும் எழுதிய மொக்கை இடுகை, 2057-ல் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் வரலாறு எழுதுபவருக்கு மூல ஆவணம். வாசகர் எண்ணிக்கை குறைவு என்பதும் வாதமாகாது. சி.சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய 'எழுத்து' இதழைக் கையில் வாங்கிப் படித்தவர்கள் மிகச் சிலர். புதுக்கவிதை இயக்கத்தின் வரலாறு அந்தச் சிலரிடமிருந்துதான் தொடங்குகிறது.

வலைப்பூக்காரர்கள் எல்லோரும் ஃபேஸ்புக்குக்குப் போய் இன்னும் அதிகமாக எழுதுகிறார்களே, வகைமை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதானே என்ற கேள்வி நியாயமானது. கணினி வாங்க முடியாத பலர் கைப்பேசி வழியாக எழுத வந்தது பெரிய காரியம். அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் எழுதியது எங்கே இருக்கிறது? பிளாகர் வலைப்பூ ஒன்றின் ஓரத்தைப் பாருங்கள். ஆண்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் அந்த ஆண்டு எழுதிய இடுகைகளின் எண்ணிக்கை. சிறு முக்கோணத்தை அழுத்தினால் மாதங்கள் விரியும், மாதத்தை அழுத்தினால் தலைப்புகள். ஒருவர் எழுத வந்த வேகம், குழந்தை பிறந்த ஆண்டின் இடைவெளி, மீண்டும் பிடித்துக்கொண்டது, ஓய்ந்தது எல்லாம் அந்த எண்களிலேயே தெரியும். ஃபேஸ்புக்கில் அதே ஆள் 2014-ல் தம் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதியதை, அவரே தேடினாலும் எடுப்பது பாடு. கணக்கில்லாதவருக்குப் பெரும்பாலும் கதவே திறக்காது. நீண்ட கட்டுரைக்கென்று அங்கே இருந்த 'நோட்ஸ்' வசதியை 2020-ல் நிறுத்திவிட்டார்கள். தமிழ்ப் பதிவர்கள் பலர் ஆசையாகக் குடியேறிய கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது அங்கிருந்தது அழிக்கப்பட்டது. கூட்டத்தைத் தேடி இடம் மாறியவர்கள் கூட்டத்தைப் பெற்றார்கள். தம் எழுத்தின் வரிசையையும் முகவரியையும் இழந்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் படித்துச் சுருக்கிச் சொல்லும்போது மூலத்தை எதற்குத் தேட வேண்டும் என்ற பேச்சு இப்போது புதிதாகக் கேட்கிறது. ரசவாங்கி செய்முறை வேண்டுமென்றால் அது போதும். இந்த வீட்டில் மட்டும் ஏன் ரசவாங்கியில் கொண்டைக்கடலை போடுகிறார்கள், அதைப் போடச் சொன்ன பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது சுருக்கத்தில் நிற்காது. பல பேர் சொன்னதிலிருந்து பொதுவானதை எடுப்பதே சுருக்கத்தின் இயல்பு. வலைப்பூவின் மதிப்போ ஒருவர் மட்டும் சொன்னதில் இருக்கிறது.

வழியைத் திரும்பப் போடும் முயற்சிகள் வேறு மொழிகளில் தொடங்கிவிட்டன. பில் கைஃபர்ட் என்ற ஆங்கிலேயர் 2022 நவம்பரில் 'ஊ டைரக்டரி' என்ற பட்டியலை வெளியிட்டார். பறவை, ரயில், கணிதம், கட்டடக்கலை என்று பொருள்வாரியாக வலைப்பூக்களைத் தாமே பார்த்துச் சேர்க்கிறார். கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்ற குறிப்போடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை அதில் இருக்கின்றன. ஸ்வீடனில் ஒருவர் தனியாளாக 'மார்ஜினாலியா' என்ற தேடுபொறியை நடத்துகிறார்; விளம்பரம் மண்டிய பக்கங்களைத் தள்ளி, எழுத்து மிகுந்த பழைய பாணிப் பக்கங்களை அது முன்னே கொண்டுவருகிறது. காகி என்ற தேடுபொறி நிறுவனம் 2023 முதல் தனிமனிதத் தளங்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அவற்றில் அண்மையில் வந்த ஏதோ ஓர் இடுகையைத் தற்செயலாகக் காட்டும் பக்கத்தை நடத்துகிறது. அந்தப் பழைய 'அடுத்த வலைப்பூ' பொத்தானே வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே. தமிழில் இதற்கு நெருக்கமாக ஒரு பணி உண்டு. 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர், வலைப்பதிவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் இடுகைகளைத் தொகுத்து மின்னூலாக்கி இலவசமாக வெளியிடுகிறார்கள். ஒரு தளம் மூடப்பட்டாலும் எழுத்து பிழைத்துக்கொள்ளும்.

பிழைப்பது எளிதில்லை. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் திறக்க முடியாமல் போய்விட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் கண்டது. சொந்தப் பெயரில் முகவரி வாங்கி எழுதியவர் இறந்துவிட்டால், ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளின்றி அடுத்த ஆண்டே தளம் போய்விடும். இலவசத் தளத்தில் எழுதியவர் நிறுவனத்தின் தயவில் இருக்கிறார். டைப்பேட் என்ற பழைய வலைப்பூச் சேவை 2025 செப்டம்பர் 30-ம் தேதி மூடப்பட்டது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் 1954-ம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். எத்தனை மோசமான நூலானாலும் அதற்கு அந்த இடம் உண்டு. எத்தனை நல்ல வலைப்பூவானாலும் அதற்கு அப்படி ஓர் இடம் இல்லை. பிரிட்டன் 2013-லேயே விதிகளை மாற்றி, தன் நாட்டு இணையதளங்களைச் சேமிக்கும் உரிமையை நூலகங்களுக்குக் கொடுத்துவிட்டது. தமிழ்நாடு அரசு பெருநூலகங்களைக் கட்டியிருக்கிறது, பழைய நூல்களை மின்னுருவாக்குகிறது. போற்ற வேண்டிய பணிகள். இணையத்திலேயே பிறந்த தமிழெழுத்தைச் சேமிப்பதும் அந்தப் பணியின் ஒரு பகுதி என்று இன்னும் கருதப்படவில்லை. கருத வேண்டும். நூல்களை மின்னுருவில் சேர்த்துவைக்கும் மதுரைத் திட்டத்தையும் ஈழத்து நூலகம் திட்டத்தையும் தன்னார்வலர்களே தொடங்கி நடத்திக் காட்டிய மொழியில், இது முடியாத காரியமும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கும் விடை கையில் இருக்கிறது. 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்தபோது, அதை ஒட்டித் தமிழ் வலைப்பதிவர் கையேடு ஒன்றை அச்சிட்டார்கள். பதிவர்கள் தாமே முன்வந்து கொடுத்த வலைப்பூ விவரங்கள் அதில் இருக்கின்றன. அந்த முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். திறப்பவற்றை அன்றே இணைய ஆவணக் காப்பகத்தில் சேமிக்க வேண்டும். திறக்காதவற்றுக்கு அங்கே பழைய நகல் இருக்கிறதா என்று தேட வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் படித்து, எதைப் பற்றியது, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று இரண்டு வரி எழுதி, பொருள்வாரியாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு வலைப்பூவின் ஓரத்திலும் அவர் படித்த பிற வலைப்பூக்களின் பட்டியல் இருக்கும். அதிலிருந்து கையேட்டில் இல்லாதவை கிடைக்கும், அவற்றின் ஓரத்திலிருந்து இன்னும் சில. இதழியல் துறையோ தமிழ்த்துறையோ உள்ள ஒரு கல்லூரியில் முப்பது மாணவர்கள் ஒரு பருவத்தை இதற்குக் கொடுத்தால், முதல் பட்டியல் வந்துவிடும்.